இரை எடுக்காத சோளப் பாம்புக் குட்டி: உயிர் எலியா, பல்லி வாசனையா, கையால் ஊட்டலா?

கார்ன் ஸ்நேக் என்று வளர்ப்போர் சொல்லும் சோளப் பாம்பின் குட்டி, முட்டையை விட்டு வந்தவுடன் இரை கேட்காது. வயிற்றில் மஞ்சள் கரு மிச்சமிருக்கும். ஏறக்குறைய பத்து நாளில் முதல் சட்டையை உரித்த பிறகுதான் பசி எழும். அதற்குப் பின்னும் வாய் திறக்காத குட்டிகளைப் பற்றியதே இந்த அலசல்.

இதைப் பிடிவாதம் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில், காட்டில் பிறக்கும் குட்டிகள் பெரும்பாலும் சிறு பல்லிகளையும் மரத்தவளைகளையும் பிடித்துத்தான் வளர்கின்றன. எலி பின்னாளைய உணவு. நாம் நீட்டும் எலிக்குஞ்சு இரை என்பதே சில குட்டிகளுக்குப் புலப்படுவதில்லை.

எந்த வழியையும் தொடங்குமுன் பெட்டியைப் பாருங்கள். ஒரு முனை 29, 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும், மறுமுனை அதைவிடக் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். ஒளிந்துகொள்ள இடம் வேண்டும். கையில் எடுத்துப் பழக்குவதை ஒத்திவையுங்கள்.

பலர் முதலில் நாடுவது உயிருள்ள எலிக்குஞ்சை. பிறந்து ஓரிரு நாளே ஆன, மயிர் முளைக்காத குஞ்சு நெளிவதைக் கண்டு சில குட்டிகள் உடனே கவ்வுகின்றன. அந்த வயதுக் குஞ்சால் பாம்பைக் கடிக்கவும் முடியாது. ஆனாலும் இதை இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன். வாரந்தோறும் புதுக் குஞ்சு கிடைப்பது கடினம். குஞ்சு படும் வேதனையும் சிறிதல்ல.

என் தேர்வு பல்லி வாசனை. மலைப்பாம்புகள் பலவற்றுக்கு இருப்பதுபோல வெப்பத்தை உணரும் குழிகள் சோளப் பாம்புக்கு இல்லை. நாக்கால் வாசனையைத் திரட்டியே இரையை அறிகிறது. ஆகவே உறையவைத்த எலிக்குஞ்சை வெந்நீரில் இளக்கி, வாசனையில்லாத சோப்பால் கழுவி, எலி மணத்தைப் போக்குங்கள். ஈரத்தைத் துடைத்துவிட்டு, அனோல் எனப்படும் சிறு அமெரிக்கப் பல்லியின் உடலிலோ அது உரித்த தோலிலோ நன்றாகத் தேய்க்க வேண்டும். காட்டுப் பல்லிகளில் ஒட்டுண்ணிகள் இருக்கும் என்பதால் உறையவைத்த பல்லியே நல்லது. காற்றுத் துளையிட்ட சிறு டப்பாவில் குட்டியையும் இரையையும் ஒன்றாக வைத்து மூடி, இருட்டில் இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். எட்டிப் பார்க்கும் ஆசையை அடக்குவதுதான் இதில் கடினமான பகுதி! குட்டி உண்ணத் தொடங்கினால், அடுத்தடுத்த முறைகளில் தேய்ப்பதைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

பல்லி கிடைக்காதவர்கள், இறந்த எலிக்குஞ்சின் மண்டையைச் சற்றே கீறி மூளைத் திரவம் கசியும்படி செய்கிறார்கள். பார்க்க அருவருப்பாக இருந்தாலும் பல குட்டிகளிடம் பலிக்கிறது. பல்லி வாசனையோடு சேர்த்தும் செய்யலாம்.

கையால் ஊட்டுவதில் இரு வகை உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. குட்டியின் வாயை மெல்லத் திறந்து எலிக்குஞ்சின் தலையை மட்டும் வைத்து, பாம்பைக் கீழே விட்டு அசையாமல் இருப்பது ஒன்று. விழுங்குவது பாம்பின் வேலை. தொண்டைக்குள் தள்ளி இறக்குவது மற்றொன்று. அது உணவுக்குழாயைக் கிழிக்கக்கூடும், அச்சத்தில் இரையைக் கக்கவும் வைக்கும். அதை ஊர்வன மருத்துவம் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். முதல் வகையைக்கூட நாள்காட்டியைப் பார்த்துத் தொடங்காதீர்கள், தராசைப் பாருங்கள். எடை விடாமல் குறைந்து, முதுகெலும்பு மேடிட்டுத் தெரியும்போதுதான் அதற்கு நேரம். எடை நிலையாக இருக்கும் குட்டிக்கு ஐந்து முதல் ஏழு நாள் இடைவெளியில் இரை காட்டினால் போதும். நாள்தோறும் நீட்டினால் அஞ்சி ஒதுங்கிவிடும்.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒன்று: சாரை, நாகம் முதலிய நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அவற்றிடம் இம்முறைகளை முயல வேண்டாம்.

குட்டி முதல் இரையை விழுங்கியதும் இரண்டு நாள் தொடாதீர்கள். கக்கிவிட்டால் பத்து நாளாவது வயிற்றுக்கு ஓய்வு கொடுத்து, அடுத்த முறை இன்னும் சிறிய குஞ்சாகக் கொடுங்கள்.