உடுக்கும் லப்டொப்பும்: மக்ஸா, பியூர் டேட்டாவா?

கிளிநொச்சியில் இசை படிக்கும் மாணவர்களோடு சேர்ந்து, உடுக்கும் லப்டொப்பும் ஒரே மேடையில் ஒலிக்கும் ஓர் ஆக்கத்தைச் செய்தோம். எந்த மென்பொருளில் செய்வது என்று, நேரடியாக ஒலியை உருவாக்கவும் மாற்றவும் உதவும் மக்ஸ் (Max), பியூர் டேட்டா (Pure Data) இரண்டையும் பாவித்துப் பார்த்து, கடைசியில் பியூர் டேட்டாவோடு நின்றுவிட்டோம். இதே கேள்வியோடு இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

இரண்டுக்கும் மூலவர் ஒருவர்தான். மில்லர் பக்கெற் 1980களின் நடுவில் பாரிஸில் உள்ள இர்காம் (IRCAM) இசை ஆய்வு நிலையத்தில் மக்ஸைத் தொடங்கினார். 1996இல் பியூர் டேட்டாவை வெளியிட்டார். அதனால் வேலைமுறை ஏறக்குறைய ஒன்று: திரையில் ஆளுக்கொரு வேலை செய்யும் பெட்டிகளை வைத்து வயர் போன்ற கோடுகளால் தொடுக்க வேண்டும். இப்படித் தொடுத்து வைத்த கோப்புக்குப் பெயர் 'பேட்ச்'. ஒலித்தரத்தில் என் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை. பார்க்க அழகு மக்ஸ்தான். பாடங்களும் உதவிக் குறிப்புகளும் அங்கேதான் அதிகம்.

எங்களுக்கு வேண்டியது இதுதான். அம்மன் கோயில்களில் கேட்கும் அந்த உடுக்கில், அடி ஒன்று, கயிற்றை அழுத்தும்போது சுருதி ஏறி இறங்குவது இன்னொன்று. இரண்டையும் கணினி தனித்தனியாகப் பிடிக்க வேண்டும். பியூர் டேட்டாவோடு கூடவே வரும் 'பொங்க்' என்ற பெட்டி அடியைப் பிடிக்கும். 'சிக்மண்ட்' சுருதியைப் பின்தொடரும். அடி விழுந்ததும் இரணைமடுக் குளத்தின் வான்கதவில் பதிந்த தண்ணீர் இரைச்சல் கிளம்பும். கயிறு இறுக இறுக அந்த இரைச்சலின் சுருதியும் ஏறும். மக்ஸிலும் இதைச் செய்யலாம்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது வேறு: ஆக்கத்தைச் செய்த பிள்ளை படித்து முடித்துப் போன பிறகு அதை யார் வாசிப்பது? மக்ஸுக்குப் பாவனை அனுமதி (லைசன்ஸ்) வாங்க வேண்டும், அதுவும் டொலரில். 2022இல் இலங்கை ரூபாய் சரிந்ததைப் பார்த்தவர்களுக்கு அதன் பாரம் தெரியும். அனுமதி இல்லாவிட்டாலும் பேட்ச்சைத் திறந்து ஓட விடலாம், ஆனால் திருத்திச் சேமிக்க முடியாது. உடுக்குக்காரர் மாறினால் அடியின் பலம் மாறும். மண்டபம் மாறினால் மைக்கின் அளவு மாறும். திருத்தாமல் மீண்டும் வாசிக்கக்கூடிய நேரடி மின்னிசை ஆக்கம் என்று ஒன்று கிடையாது. அப்புறம், மக்ஸ் லினக்ஸில் ஓடாது. எங்கள் பிள்ளைகளிடம் இருப்பதோ அண்ணன் பாவித்து விட்ட பழைய லப்டொப். அதில் லினக்ஸ் போட்டு, பென் டிரைவில் கொண்டுபோன பியூர் டேட்டாவை ஏற்றினால், இணையம் இல்லாமலே முல்லைத்தீவு வீட்டிலிருந்தும் பயிற்சி செய்யலாம். கட்டணமும் இல்லை, கணக்குத் திறக்கவும் வேண்டாம்.

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. வெளியார் எழுதிய கூடுதல் பெட்டிகளை அள்ளிப் போட்டால் ஆக்கம் நெடுநாள் ஓடும் என்ற அந்த நன்மை போய்விடும். அவை எல்லாம் சேர்ந்து வந்த 'பிடி எக்ஸ்டெண்டட்' (பிடி என்பது பியூர் டேட்டாவின் சுருக்கம்) பதிப்பு 2013க்குப் பிறகு கைவிடப்பட்டது. அதை நம்பிச் செய்த பேட்ச்களைத் திறந்தால் பல பெட்டிகள் வெறும் கோட்டுச் சட்டமாய்த்தான் நிற்கும். ஆகவே மூலப் பதிப்பில் இருப்பதை மட்டும் வைத்துச் செய்யுங்கள். சில இடத்தில் சுற்றுவழி போக வேண்டிவரும், பரவாயில்லை.

காணொளியும் சேர்த்துச் செய்பவர் மக்ஸைப் பார்க்கலாம். காணொளிக்கான அதன் ஜிட்டர் பகுதியை நான் மேலோட்டமாகத்தான் தொட்டிருக்கிறேன், ஆனால் தொட்ட அளவுக்கு வசதியாக இருந்தது. ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருளில் பழகியவருக்கும் அதுவே இலகு. இதே வேலைக்கான இன்னொரு மென்பொருளான சூப்பர்கொலைடரும் இலவசம்தான். ஆனால் எல்லாவற்றையும் நிரலாக எழுத வேண்டும், வகுப்பில் அதைக் கற்பித்த அனுபவம் எனக்கு இல்லை.

எதை எடுத்தாலும், ஆக்கத்தை ஒப்படைக்கும்போது பேட்ச், ஒலிக்கோப்புகள், பாவித்த மென்பொருள் பதிப்பு, மைக் வைத்த இடத்தைக் காட்டும் ஒரு படம் எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் போட்டுக் கொடுங்கள்.