ஆர்தெஸ் பச்சையில் பொள்ளாச்சி ஜெர்சி: திருப்பூர் யூனிட் எப்படி?

திருப்பூரில் ஜெர்சி அடிக்க இடத்துக்கா பஞ்சம்? ஆனால் 12 செட் மட்டும் போதும் என்று சொல்லிப் பாருங்கள், பாதி இடங்களில் முகமே மாறிவிடும். 50 பீஸுக்குக் குறைந்து பேச மாட்டார்கள், பேசினாலும் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கிற நாலு டிசைனைக் காட்டி இதில் ஒன்றை எடுத்துக்கங்க என்பார்கள். காதர்பேட்டையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற இந்த யூனிட்டில் அந்தப் பேச்சே இல்லை. உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, என்ன வேண்டும் என்று முழுசாகக் கேட்டார்கள். மேலே போடுகிற ஜெர்சிக்கு முழு மார்க், ஷார்ட்ஸுக்குப் பாதி, சொன்ன நாளில் கொடுப்பதில் சுமார். அவசரமாகப் படிப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நாங்கள் பொள்ளாச்சியில் வேலை முடிந்து சாயங்காலம் சிமெண்ட் கோர்ட்டில் கூடைப்பந்து ஆடுகிற ஆட்கள். கேட்டது இதுதான்: 1980களில் பிரான்ஸின் ஆர்தெஸ் அணி ஆடிய பச்சை வெள்ளை நிறம், நெஞ்சில் தமிழில் பொள்ளாச்சி, முதுகில் 4 முதல் 15 வரை எண்கள். டிசைன் பார்க்கிற அக்கா உடனே கேட்டார், "ஏனுங் தம்பி, ஏழாம் நம்பர் சரி, ஒண்ணு ரெண்டெல்லாம் யாருக்கும் வேண்டாமுங்களா? இருபத்திமூணு கேக்காத டீமே இல்லீங்க." சர்வதேசக் கூடைப்பந்தில் 2014 வரைக்கும் 4 முதல் 15 வரையான எண்கள்தான். 23-ஆம் எண்ணால் பெயர் பெற்ற அமெரிக்க ஆட்டக்காரர் மைக்கேல் ஜோர்டனே 1984 ஒலிம்பிக்கில் 9-ஆம் எண்ணில்தான் ஆடினார். 4-லிருந்து 15 வரை எண்ணினால் சரியாக 12 பேர், எங்களுக்குத் தேவையானதும் 12. இதைச் சொன்னதும் அவருக்கு ஆர்வம் வந்துவிட்டது, அப்புறம் ஆர்தெஸ் கதையை முழுசாகச் சொல்லித்தான் எழுந்தேன்.

அந்தக் கதையை இங்கேயும் சொல்லத்தான் வேண்டும், இல்லையென்றால் நிறத்துக்காக நான் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடித்தேன் என்பது புரியாது. பிரான்ஸின் தென்மேற்கு மூலையில், பைரனீஸ் மலைக்கு வடக்கே பெயார்ன் என்ற பகுதியில் இருக்கிறது ஆர்தெஸ். மக்கள்தொகை 10,000 சொச்சம். 2011 கணக்கெடுப்பில் பொள்ளாச்சி நகராட்சிக்கே 90,000 என்றால் அது எவ்வளவு சின்ன ஊர் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே 1908-ல் தொடங்கிய விளையாட்டுக் கழகம்தான் எலான் பெயார்னே, கூடைப்பந்து அதில் 1931-ல் சேர்ந்தது. மெதுவாக மேலே வந்து 1973-ல் முதல் டிவிஷனுக்குப் போனார்கள். ஆடிய இடம் லா மூத்தெத் என்ற கட்டடம், அது ஊர்ச் சந்தை! செவ்வாய்க்கிழமை சந்தை கூடுகிற ஊர் அது, வாத்தும் கோழியும் விற்கிற அதே கூரைக்குக் கீழேதான் பிரான்ஸின் பெரிய நகரத்து அணிகளெல்லாம் வந்து ஆடிவிட்டுப் போனார்கள். நம் ஊரிலும் செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தை என்பதால் எனக்கு இந்த விஷயத்தில் தனிப் பிரியம், அதை மறைக்கப் போவதில்லை.

1984 மார்ச்சில் பாரிஸில் நடந்த, ஐரோப்பிய கிளப்களுக்கான கோராச் கோப்பை இறுதிப் போட்டியில் பெல்கிரேடின் ரெட் ஸ்டார் அணியை 97-73 என்று அடித்தார்கள். சர்வதேச விதிகளில் மூன்று புள்ளிக் கோடு (அதற்கு வெளியிலிருந்து போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி) நடைமுறைக்கு வந்ததே அதற்கு அடுத்த சீசனில்தான், அதாவது அந்த 97-ம் இரண்டு இரண்டாகவும் ஃப்ரீ த்ரோவிலும் சேர்த்தது. இப்போது ஆடுகிற பையன்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். ஜார்ஜ் ஃபிஷர் என்ற அமெரிக்கர் பயிற்சியாளர், பியர் செய்யான் கிளப்பின் தலைவர், ஃப்ரெடி உஃப்னாகெல், அலன் லாரூக்கி போன்ற ஆட்டக்காரர்கள். 1986, 1987 இரண்டு வருடமும் பிரான்ஸ் சாம்பியன்.

கூடைப்பந்துக்கு நம் பக்கம் குறை ஒன்றும் இல்லை. கோவையில் பிஎஸ்ஜி கோப்பை, நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை என்று அகில இந்தியப் போட்டிகள் நடக்கும்போது நல்ல ஆட்டம் பார்க்கலாம். ஆனால் அங்கே வந்து ஆடுவது பெரும்பாலும் வங்கி, ராணுவம், ரயில்வே, மின்வாரிய அணிகள். வேலை கொடுத்த நிறுவனத்துக்காக ஆடுகிறார்கள், அந்த வேலைதான் எத்தனையோ ஆட்டக்காரர்களின் குடும்பத்தைக் காப்பாற்றியிருக்கிறது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இருந்தாலும் ஒரு ஊரின் பெயரை நெஞ்சில் போட்டுக்கொண்டு, சம்பளம் வாங்கி, அந்த ஊர்க்காரர்கள் தொண்டை கிழியக் கத்தும்போது ஆடுகிற தொழில்முறை அணி கொங்கு நாட்டில் ஒன்றுகூட இல்லையே என்ற ஏக்கம் எனக்கு ரொம்ப நாளாக உண்டு. ஆர்தெஸ் நிறத்தில் பொள்ளாச்சி என்று போடச் சொன்னதற்குக் காரணம் அந்த ஏக்கம்தான்.

சரி, துணிக்கு வருவோம். ஓட்டை போட்ட மெஷ் பாலியஸ்டர், முழு சப்ளிமேஷன். காகிதத்தில் அடித்த மையை ஏறத்தாழ 200 டிகிரி சூட்டில் துணி மேல் வைத்து அழுத்தும்போது மை ஆவியாகி நூலுக்குள்ளேயே இறங்கிவிடும், அதனால் ஸ்கிரீன் பிரிண்ட் மாதிரி துவைக்கத் துவைக்க வெடித்து உரிவதில்லை. எங்கள் உப்புத் தண்ணீரில் பலமுறை துவைத்தாகிவிட்டது, நிறம் அப்படியே இருக்கிறது. முதல் சாம்பிள் கிளிப்பச்சையாக வந்தது. கம்ப்யூட்டரில் தெரிகிற பச்சை வேறு, சூடு பட்ட பிறகு துணியில் வருகிற பச்சை வேறு. வேண்டாம் என்றதும் முகம் சுளிக்காமல் துண்டுத் துணிகளில் ஐந்தாறு பச்சைகளை அடித்து வெயிலில் கொண்டுபோய்க் காட்டினார்கள், அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

தமிழ் எழுத்தில்தான் பெரிய சிக்கல் வந்தது. நாங்கள் அனுப்பிய ஃபைலை அவர்கள் கோரல்டிரா என்ற டிசைன் சாஃப்ட்வேரில் திறந்ததும் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று 'பொ' சிதறிவிட்டது. இதே காரணத்தால் எழுத்துப்பிழையோடு ஜெர்சி போட்டு ஆடுகிற அணிகளை நானே பார்த்திருக்கிறேன். இந்த அக்கா பழைய ஃபான்ட்டில் திரும்ப அடித்து, எழுத்தை வடிவமாக மாற்றி, வாட்ஸ்அப்பில் அனுப்பி நாங்கள் ஓகே சொன்ன பிறகுதான் பிரிண்ட்டுக்கே விட்டார். எண்களும் விதிப்படி, முதுகில் 20 சென்டிமீட்டர், முன்னால் 10, ஸ்கோர் எழுதுகிறவருக்கு அந்தக் கோடியிலிருந்தே தெரியும்.

ஷார்ட்ஸில் எலாஸ்டிக் மெலிசு. இரண்டு பேருக்கு நாடாவே கையோடு வந்துவிட்டது, அதை டெய்லரிடம் கொடுத்து மாற்ற வேண்டியதாயிற்று. தொடைக்கு நடுவில் தையல் ஒற்றையாக ஓட்டியிருக்கிறார்கள், டிஃபென்ஸில் குனிந்து நிற்கிற ஆட்டத்துக்கு அது போதாது. ஜெர்சியில் காட்டிய அக்கறையை இதிலும் காட்டியிருக்கலாம். ஜெர்சியும் ஷார்ட்ஸும் சேர்த்து ஒரு செட் 650 ரூபாய், அந்த விலைக்கு நல்ல எலாஸ்டிக் எதிர்பார்ப்பது நியாயம்தான். டெலிவரியும் சொன்ன தேதிக்கு ஒரு வாரம் தள்ளித்தான் வந்தது, எக்ஸ்போர்ட் ஆர்டர் குறுக்கே வந்துவிட்டதாம்.

எங்கள் அணியில் ஒரு தம்பி மட்டும், "அண்ணா, பழசு எதுக்கு, போ-ஆர்தெஸ்னு பேர் மாறின காலத்து டிசைன் போடலாமே, அப்பத்தானே நிறைய ஜெயிச்சாங்க" என்று கடைசி வரை கேட்டுக்கொண்டே இருந்தான். அவன் சொல்வதிலும் நியாயம் உண்டு. சந்தைக் கூரை போதாமல் கிளப் சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற போ நகரத்துக்கு மாறியது, 1991-ல் அங்கே பெரிய அரங்கம் திறந்தார்கள், 1992-லிருந்து 2004-க்குள் இன்னும் 7 முறை சாம்பியன். போரிஸ் தியாவ், மிக்கேல் பியத்ரூஸ் இரண்டு பேரும் அங்கிருந்துதான் 2003-ல் அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்பிஏவுக்குப் போனார்கள். ஆனால் 2009-ல் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கினார்கள், திரும்ப ஏறினார்கள், மறுபடி இறங்கினார்கள். 2021-ல் அமெரிக்க முதலீட்டாளர்கள் வந்தார்கள், 2022-ல் பிரெஞ்சுக் கோப்பையை வென்ற கையோடு பண நெருக்கடி கழுத்தைப் பிடித்தது. பெரிய அரங்கம் இல்லாமல் அந்த வெற்றிகள் வந்திருக்காது என்பதை ஒத்துக்கொள்கிறேன். எனக்குப் பிடித்தது சந்தைக்குள் ஆடிய அணிதான், பணம் கட்டியவர்களில் பெரும்பாலோரும் என் பக்கம் நின்றார்கள்.

போகிறவர்கள் தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் போகாதீர்கள், எந்த யூனிட்டிலும் சின்ன ஆர்டர் கடைசிக்குப் போய்விடும். தமிழ் எழுத்தைப் படமாகவும் சேர்த்துக் கொடுங்கள். அளவுக்கு உங்கள் பழைய ஜெர்சி ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள், இவர்கள் கட்டிங் கொஞ்சம் இறுக்கம். ஷார்ட்ஸுக்கு அகல எலாஸ்டிக்கும் டபுள் தையலும் வேண்டும் என்று பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், கூட 30, 40 ரூபாய் ஆனாலும் பரவாயில்லை. அடுத்து எங்கள் ஊர்ப் பெண் பிள்ளைகள் அணிக்கும் இதே பச்சையில் இங்கேதான் கொடுக்கப் போகிறோம்.