ஒரு வளவுக்குள் போட்ட கோடு: 'ஃபன்னி பாய்'

ஷியாம் செல்வதுரையின் 'ஃபன்னி பாய்' 1994இல் ஆங்கிலத்தில் வந்த நாவல். ஒன்றோடொன்று கோத்த ஆறு கதைகள். தமிழர்களுக்கு எதிரான 1983 யூலைக் கலவரம் வரையான கொழும்பில் வளரும் தமிழ்ப் பையன் ஆர்ஜி, தன் மனம் ஆண்களைத்தான் நாடுகிறது என்பதை மெல்ல மெல்ல உணர்கிறான்.

முதல் கதையை மட்டும் வாசித்தாலே போதும், இவர் எவ்வளவு பெரிய எழுத்தாளர் என்று தெரியும். ஆச்சி வீட்டில் பேரப்பிள்ளைகள் கூடும் ஞாயிறு. முன்வளவும் தெருவும் கிரிக்கெட் ஆடும் பையன்களுக்கு. பின்வளவும் குசினிப் பக்கமும் பெண்பிள்ளைகளுக்கு. ஆர்ஜி இருப்பது பின்வளவில். கல்யாண விளையாட்டில் எப்போதும் அவன்தான் மணப்பெண், வெள்ளைச் சேலையோடு. வெளிநாட்டிலிருந்து வந்த மச்சாள் அந்த இடத்துக்குப் போட்டி போட, இழுபறியில் சேலை கிழிகிறது. அதற்கு முன்பே, அம்மா உடுத்துவதைப் பார்க்க அவனை விட்ட அறைக் கதவு சாத்தப்பட்டுவிட்டது. பெண்பிள்ளைகளோடு ஏன் விளையாடக் கூடாது என்று கேட்டால், வானம் உயரம், பன்றிக்குப் பறக்க வராது என்கிறாள். அவளுக்கே வேறு காரணம் தெரியவில்லை! அந்த இடத்தில் எனக்கு ஆர்ஜியைவிட அம்மாவை நினைத்துத்தான் மனம் கனத்தது.

அப்புறம், வளவைப் பிரித்த அதே கோடு பள்ளிக்கூடத்திலும் வருகிறது. சிங்கள மொழி வகுப்பில் படிக்கும் ஆர்ஜியை, தமிழ் வகுப்புக்குப் போ என்கிறார்கள். அவனுக்கோ அங்கே படிக்கிற அளவுக்குத் தமிழ் தெரியாது. பரிசளிப்பு விழாவில் அவன் ஒப்பிக்க வேண்டியவை ஆங்கிலக் கவிஞர் நியூபோல்ட்டின் பள்ளிப் புகழ்க் கவிதைகள். அவன் நேசிக்கும் வகுப்புத் தோழன் ஷெஹானை வதைக்கும் பள்ளி அதிபரின் பதவி அந்த மேடையை நம்பியிருக்கிறது. அதிபர் போனால் தமிழ்ப் பிள்ளைகளுக்குத்தான் நட்டம். தெரிந்தே வரிகளைக் குழப்பிச் சொல்கிறான். தன் இனமா, தன் அன்பா என்ற கேள்வியை ஒரு மனப்பாடக் கவிதைக்குள் வைத்தது அபாரம்.

மூன்றாம், நான்காம் கதைகளில் அரசியல் செய்தி பாத்திரங்களின் வாயால் கொட்டப்படுகிறது, சற்றுத் தளர்வு. ஆனால் நாட்குறிப்பாக வரும் கடைசிக் கதையில் உவமையும் இல்லை, விளக்கமும் இல்லை. வீடு எரிகிறது. ஆச்சியையும் அப்பப்பாவையும் காரோடு கொளுத்துகிறார்கள். அதுவரை படிமமாக இருந்த வீடு அங்கே வெறும் வீடாகிவிடுகிறது.

ஆங்கிலம் எளிமையானது. மேல்வகுப்புப் பிள்ளைகளுக்குத் தயங்காமல் கொடுக்கலாம். பெற்றோரும் வாசிக்கட்டும், முக்கியமாக முதல் கதையை.