கொழிஞ்சாம்பாறை: ஒரு கேன் தண்ணீரின் அலைச்சல்

விமானம் நேரத்துக்கு வந்தது, கோவையில் பெட்டிகளும் வந்தன, வேலந்தாவளம் செக்போஸ்ட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. அதைப் பற்றியெல்லாம் எழுத ஒன்றுமில்லை. நான் எழுத வந்தது இரண்டு லிட்டர் தண்ணீரைப் பற்றி. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் எங்கள் வீட்டு போர் தண்ணீரில் ஃபுளோரைடு எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்வதிலேயே லீவில் பெரும்பகுதி போய்விட்டது.

எல்லாம் அண்ணன் மகளின் பல்லில் தொடங்கியது. பத்தாவது படிக்கிறாள்; சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போய்விடுகிறது. முன்பற்களில் வெள்ளைத் திட்டு, நடுவே பழுப்புக் கோடு. "ஒழுங்கா பல்லு விளக்குனாத்தானே" என்பது வீட்டில் எல்லாருடைய தீர்ப்பு. ஒவ்வொரு முறையும் என்னை சிங்கப்பூரிலிருந்து புதுப்புது பேஸ்ட் வாங்கிவரச் சொன்னது இதற்குத்தான் போல. பொள்ளாச்சியில் ஒரு பல் டாக்டரிடம் கூட்டிப்போனோம். வாயைத் திறந்து பார்த்ததுமே அவர் கேட்ட கேள்வி, "சின்ன வயசுல எந்தத் தண்ணி குடிச்சே பாப்பா?"

போர் தண்ணீர். எங்கள் பக்கம் ஆயிரம் அடி போட்டவர்கள் நிறையப் பேர். எங்களுடையதும் ஏறக்குறைய அந்தக் கணக்குத்தான். டாக்டர் தலையாட்டினார். இது மேலே படிந்த கறை இல்லையாம். பல் ஈறுக்குள் உருவாகும் வயதில், அதாவது சுமார் எட்டு வயதுக்குள், தண்ணீரில் ஃபுளோரைடு கூடினால் எனாமலே இப்படித்தான் வருமாம். இனி நல்ல தண்ணீர் குடித்தாலும் வந்த பல் மாறாது, மேலே பூசி மறைக்கலாம், அவ்வளவுதான். அப்புறம் அவர் கேட்டது இன்னொன்று: "வீட்ல சின்னக் குழந்தை இருக்குதுங்களா?" இருக்கிறான். அண்ணனின் இளையவன், இப்போதுதான் நர்சரிக்குப் போக ஆரம்பித்திருக்கிறான்.

பாலக்காட்டுக்காரர்களுக்குத் தண்ணீர் சுத்தம் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இங்கே கொதிக்காத தண்ணீரை எவரும் குடிக்க மாட்டார்கள். சாயாக்கடையிலும் சுடுதண்ணீர்தான், கல்யாணப் பந்தியிலும் சுடுதண்ணீர்தான். பதிமுக மரச் சீவலைப் போட்டு இளஞ்சிவப்பாக, கைபொறுக்கும் சூட்டில் ஒரு டம்ளர் கிடைத்தால்தான் ஊருக்கு வந்த மாதிரி இருக்கும் எனக்கும். எங்கள் அம்மா மழைக்காலத்தில் தளதளவென்று பத்து நிமிஷம் கொதித்தால்தான் அடுப்பை விட்டு இறக்குவார். கிருமிக்கு அது சரியான மருந்து. ஃபுளோரைடு என்பதோ கரைந்திருக்கும் உப்பு. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகும், உப்பு அப்படியே இருக்கும், அளவு கொஞ்சம் கூடத்தான் செய்யும். இத்தனை வருஷம் அத்தனை பத்திரமாக நாங்கள் செய்துவந்தது இதைத்தான்.

கிருமி விஷயத்தில் ஊர்ச் சேவையையும் குறை சொல்ல முடியாது. நான் இருந்தபோதே ஊர்ச் சுகாதாரப் பணியாளரான ஆஷா அக்கா ப்ளீச்சிங் பவுடரோடு வந்தார். கிணற்றின் குறுக்களவையும் தண்ணீரின் ஆழத்தையும் கயிறு விட்டு அளந்து, எத்தனை லிட்டர் என்று போனிலேயே கணக்குப் போட்டு, ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் வீதம் பவுடரை வாளியில் கரைத்து, தெளிந்த தண்ணீரை மட்டும் கிணற்றுக்குள் இறக்கிக் கலக்கிவிட்டு, "ஒரு மணி நேரம் யாரும் மொள்ளாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சிங்கப்பூரில் என் அடுக்குமாடித் தொட்டியைக் கழுவ வருபவர்கள்கூட இவ்வளவு சிரத்தையாகச் செய்து நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு சங்கடம். அந்தக் கிணற்றுத் தண்ணீரை இப்போது எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை. மாசி பிறந்தால் அடி தெரிந்துவிடும். குடிப்பது போர் தண்ணீர். அதை யாரும் அளப்பதில்லை, யாரும் எழுதிக்கொள்வதில்லை.

சரி, நாமே சோதித்துவிடுவோம் என்று கிளம்பினேன். சிங்கப்பூரில் குடிநீரின் தரத்தை வாரியமே இணையத்தில் போட்டுவிடுகிறது. குழாயைத் திறந்து அப்படியே குடிக்கிறோம். வேடிக்கை என்னவென்றால் அங்கே ஃபுளோரைடைச் சேர்க்கிறார்கள். 1950களின் பிற்பகுதியிலிருந்தே, பல் சொத்தையாகாமல் இருக்கக் கொஞ்சமாக, அளந்து. அந்தக் கொஞ்சம் இந்தியத் தர அளவில் விரும்பத்தக்க வரம்பான லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் அடங்கிவிடும். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம் என்கிறது அதே தர விதி. அங்கே பணம் செலவழித்துப் போடுகிறார்கள், இங்கே பாறை இலவசமாகக் கொடுக்கிறது.

மாவட்டத் தலைநகரில் ஓர் ஆய்வகம். அண்ணி ஒரு மினரல் வாட்டர் பாட்டிலை மூன்று முறை அலசி நிரப்பிக் கொடுத்தார். கவுண்டரில் இருந்தவர் அதைக் கையால்கூடத் தொடவில்லை. இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் கேன் வேண்டும் என்றார். கிருமிச் சோதனைக்குத் தனி பாட்டில், அதை இவர்களிடமே வாங்கிப்போய்ப் பிடித்துச் சில மணி நேரத்துக்குள் திரும்பக் கொண்டுவர வேண்டும். எனக்குக் கிருமிச் சோதனை வேண்டாம், ஃபுளோரைடு மட்டும் போதும் என்றேன். தனியாக எடுக்க மாட்டோம், எல்லாம் சேர்த்துத்தான் என்றார். மலையாளத்தில்தான் பேசினேன், ஆனாலும் என் மலையாளத்தைக் கேட்டதும் தமிழுக்கு மாறிவிட்டார். அது உதவியா கிண்டலா என்று இப்போதும் யோசிக்கிறேன்.

கேனோடு மறுபடி போனோம். சாம்பிள் வாங்கும் நேரம் முடிந்துவிட்டதாம். நேரம் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். பீரோவுக்குப் பின்னால் மாட்டியிருந்த பலகையைக் காட்டினார். கேனை அங்கேயே வைத்துவிட்டுப் போகிறோம், காலையில் எடுத்துக்கொள்ளுங்கள் என்றால், பழைய தண்ணீர் ஆகாது. அடுத்த முறை விடிவதற்கு முன்பே மோட்டாரைப் போட்டு, கேன், கிருமி பாட்டில், ஐஸ் எல்லாம் எடுத்துக்கொண்டு அண்ணன் வண்டியை விரட்டினார். கவுண்டர் திறந்தபோது முதல் ஆள் நாங்கள்தான். படிவம் முழுக்க மலையாளம். கொழிஞ்சாம்பாறையில் தமிழ் மீடியத்தில் படித்த நானும் அண்ணனும் எழுத்துக் கூட்டிப் படித்து நிரப்பினோம். பணமும் கட்டினோம். ரசீதைக் கையில் கொடுத்துவிட்டு, ஏதோ ஞாபகம் வந்தவர்போல நிமிர்ந்து சொன்னார்: "ஃபுளோரைடு பார்க்கிற ரீஏஜன்ட் தீர்ந்திருக்கு சாரே. வந்தா பார்ப்போம்."

வந்தா பார்ப்போம். நான் ஒன்றும் பேசவில்லை. அண்ணன்தான் "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமில்லைங்க" என்று மெதுவாகக் கேட்டார். "மொதல்ல நீங்க கேனே கொண்டு வரலையே" என்று பதில் வந்தது.

எங்கள் சித்தூர் தாலுகாவிலிருந்து தினமும் மற்ற மாவட்டங்களுக்குக் கள்ளு போகிறது. வழியில் கலால்காரர்கள் வண்டியை நிறுத்தி, பெர்மிட் பார்த்து, சாம்பிள் எடுக்கிறார்கள். இந்த ஊரில் தென்னை மரத்திலிருந்து இறங்குவதற்கு இருக்கிற கண்காணிப்பு, பூமியிலிருந்து ஏறுவதற்கு இல்லை.

வீட்டுக்கு வந்து புலம்பினால் பெரியப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "எல்லாம் அந்தக் கம்பெனிக்காரன் பண்ணுன வேல சாமி." எங்கள் பக்கத்தில் கம்பெனி என்றால் ஒன்றுதான். பெருமாட்டி பஞ்சாயத்தில், மீனாட்சிபுரம் போகும் பாதையில் பிளாச்சிமடாவில் இருந்த கோகோ கோலா ஆலை. 2000இல் தொடங்கியது. கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போனது என்று 2002 ஏப்ரலில் ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள், அந்த ஊர்ப் பழங்குடிப் பெண் மயிலம்மா முன்னால் நின்றார், 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது. உரம் என்று விவசாயிகளுக்குக் கொடுத்த ஆலைக் கழிவில் காரீயமும் காட்மியமும் இருந்ததை 2003இல் பிபிசி வெளியே கொண்டுவந்தது. 2010இல் உயர்நிலைக் குழு சேதத்தை 216 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது, 2011இல் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு சட்டசபை மசோதா நிறைவேற்றியது, குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. பெரியப்பா பந்தலில் போய் உட்கார்ந்தவர். அவர் கோபத்தில் நியாயம் உண்டு.

ஆனால் ஃபுளோரைடு அந்த ஆலையிலிருந்து வந்தது அல்ல. பாறையிலேயே இருக்கிறது. கிரானைட், நைஸ் என்ற கடும்பாறைகள் உள்ள பூமியில் தண்ணீர் ஆழத்தில் நெடுநாள் கிடக்கக் கிடக்க ஊறி இறங்குகிறது. இந்தியாவில் இது முதலில் பதிவானது 1937இல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பக்கத்தில்; அங்கே எந்தக் கோலா கம்பெனியும் இல்லை. மழை மறைவுப் பூமியில் தென்னைக்கும் கரும்புக்கும் இறைத்து இறைத்து, மேல் தண்ணீர் தீர்ந்து, நூறடியிலிருந்து முந்நூறு, அங்கிருந்து ஆயிரம் என்று நாமே துளைத்துக்கொண்டு போனோம். எங்கள் தோப்பும் அந்தக் கணக்கில் சேர்த்திதான். பிளாச்சிமடாவில் கை நீட்ட ஒரு வாசல் இருந்தது. இதற்கு எந்த வாசலில் பந்தல் போடுவது? இதைச் சொன்னதும் பெரியப்பா பேப்பரை விரித்துக்கொண்டார். ஆழியாற்றிலிருந்து தமிழ்நாடு விட வேண்டிய தண்ணீரை விடவில்லை என்று அதில் ஏதோ செய்தி. 1970 ஒப்பந்தப்படி வருஷத்துக்கு 7.25 டிஎம்சி என்பது அவருக்கு மனப்பாடம். சிங்கப்பூரும் 1962 ஒப்பந்தப்படி ஒரு பங்குத் தண்ணீரை மலேசியாவின் ஜோகூரிலிருந்து வாங்குகிறது, 2061 வரைக்கும். அண்டை வீட்டுத் தண்ணீரில் வாழ்வது எனக்கு இரண்டு ஊரிலும் பழகிவிட்டது.

கடைசியில் காரியத்தை முடித்தது பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியின் கெமிஸ்ட்ரி டீச்சர். பள்ளி ஆய்வகத்திலேயே ஊர்த் தண்ணீரைச் சோதிக்கும் ஏற்பாட்டைக் கேரள அரசின் ஹரிதகேரளம் மிஷன் பல பள்ளிகளில் செய்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அண்ணன் மகள்தான் சொன்னாள். டீச்சர் கையடக்கப் பெட்டி ஒன்றைத் திறந்து, குழாயில் எங்கள் தண்ணீரை ஊற்றி, நாலு சொட்டு விட்டு ஆட்டினார். இளஞ்சிவப்பு நிறம் கண்ணெதிரே வெளுத்து மஞ்சளாகிக்கொண்டே போனது. அட்டையில் இருந்த நிற வரிசையோடு ஒட்டிவைத்துப் பார்த்தோம். 1.5ஐத் தாண்டிவிட்டது. எவ்வளவு தாண்டியது என்று இந்தப் பெட்டி துல்லியமாகச் சொல்லாது, லேப் ரிப்போர்ட் வரட்டும் என்றார். நல்லவேளை, கிணற்றுத் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் கொண்டுபோயிருந்தேன். அது வரம்புக்குள் இருந்தது. பணம் கேட்கவில்லை, படிவம் கேட்கவில்லை. சாயா வாங்கித் தருகிறேன் என்றதற்கு, "பீரியட் இருக்குதுங்க" என்று போய்விட்டார்.

அதைவிட என்னை உலுக்கியது அடுக்களையில் தெரிந்துகொண்ட சங்கதி. எங்கள் வாசலில் பஞ்சாயத்துக் குழாய் ஒன்று இருக்கிறது. ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரித்த தண்ணீர், ஃபுளோரைடு பயமில்லாதது. சில நாள் வரும், சில நாள் வராது. வருகிற தண்ணீரை அண்ணி பாத்திரம் கழுவவும் துணி அலசவும் பிடித்துவைக்கிறார். குடிக்கவும் சமைக்கவும் போர் தண்ணீர். ஏன் அண்ணி?

"குழாத்தண்ணி ஒரே ப்ளீச்சிங் நாத்தம் தம்பி. நம்ம போர் தண்ணியில பருப்புப் போட்டுப் பாருங்க, வெண்ணெயாட்டம் வேகும்."

டீச்சரிடம் போனில் கேட்டேன். பருப்பு நன்றாக வேகிறது என்றால் தண்ணீரில் கால்சியம் குறைவு என்று அர்த்தமாம். கால்சியம் இருந்தால் ஃபுளோரைடில் ஒரு பங்கு அதோடு சேர்ந்து படிந்துவிடும். இல்லாததால்தான் எல்லாம் கரைந்தே நிற்கிறது. அண்ணி எதைப் புகழ்ந்தாரோ அதுதான் அடையாளம். இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று அண்ணனும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கடைசியில் பாப்பாதான் சொன்னாள், கையை வாயிலிருந்து எடுத்துவிட்டு. அதற்கப்புறம் அண்ணி ஒன்றும் பேசவில்லை.

இப்போது குழாய்த் தண்ணீர் குடிக்கவும் உலை வைக்கவும், போர் தண்ணீர் கழுவவும் என்று மாற்றியாகிவிட்டது. ப்ளீச்சிங் வாடை போக ராத்திரி அகலமான பாத்திரத்தில் பிடித்துவைத்துக் காலையில் கொதிக்கவைக்கிறார்கள், பதிமுகம் போட்டே. குழாய் வராத நாளுக்குக் கிணறு, அதுவும் வற்றினால் என்ன என்பது இன்னும் பாக்கி. ஆர்ஓ மெஷின் ஃபுளோரைடை எடுத்துவிடும். ஆனால் ஒரு குடம் கொடுக்க ஒரு குடத்துக்கு மேல் கழிக்கும். ஆயிரம் அடியிலிருந்து ஏற்றிச் சாக்கடையில் விடுவதற்கு அண்ணனுக்கு மனசு வரவில்லை. எனக்கும்தான்.

சிங்கப்பூருக்குத் திரும்பிய பிறகு அண்ணன் கூப்பிட்டார். ஆய்வகத்தில் ரீஏஜன்ட் வந்துவிட்டதாம், ரிப்போர்ட்டும் ரெடியாம். ஆனால் ரசீது என் பெயரில் இருப்பதால் நான் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் கொடுப்பார்களாம். அதிகாரக் கடிதம் ஒன்றை எழுதி ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறேன். அசல் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.