அணிக்கு எத்தனை நிரை, எத்தனை நிரல்: லென்னா, ஷேப்பா, சைஸ்ஆஃபா?

பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு. இந்த மூன்று அணைகளின் நீர்மட்டத்தை ஒரு வாரத்துக்கு எழுதி வைத்தால், அணைக்கு ஒன்றாகக் கிடையாக 3 நிரை, நாளுக்கு ஒன்றாக மேலிருந்து கீழாக 7 நிரல். பாளையங்கோட்டையில் மாலை வகுப்பில் நான் எடுக்கும் முதல் அணி, அதாவது மேட்ரிக்ஸ், இதுதான். முழுக் கொள்ளளவு 143 அடி, 156 அடி, 118 அடி என்று பேப்பரில் தினமும் வருவதால் பிள்ளைகளுக்கு எண்களில் பயமில்லை. அணிக்கு எத்தனை நிரை, எத்தனை நிரல் என்று கணினி நிரலில் கண்டுபிடிக்கச் சொன்னால்தான் தடுமாறுகிறார்கள்.

பாதித் தடுமாற்றம் ஒரு சொல்லால் வருகிறது. பாடநூலில் 'அணியின் வரிசை' என்றால் 3 × 7. பேச்சில் வரிசை என்பது ஒரே ஒரு நிரை. "வரிசை மூணுதானே அண்ணே?" என்று கேட்கும் பையன் மேல் தப்பே இல்லை. வகுப்பில் நான் நிரை, நிரல் தவிர வேறு சொல் பயன்படுத்துவதில்லை.

சரி, எந்த வழியில் தொடங்குவது? வெறும் பைத்தான் மொழியில், ஒரு பட்டியலில் எத்தனை உறுப்புகள் என்று சொல்லும் லென்னை இரண்டு முறை போடுவதுதான் என் தேர்வு. முழு அணிக்கு லென் போட்டால் 3, முதல் நிரைக்குப் போட்டால் 7. பட்டியலுக்குள் பட்டியல் இருக்கிறது என்பது அப்போதே கண்ணில் படும். ஆனால் இது முதல் நிரையை மட்டும்தான் பார்க்கிறது. சேர்வலாற்றுக்கு ஒருநாள் அளவு விடுபட்டு 6 எண்களே இருந்தாலும் விடை 7 என்றே வரும். பட்டியல் காலியாக இருந்தால் முதல் நிரையே கிடையாது, இண்டெக்ஸ் எரர்தான்.

அந்த இடத்தில், எண் அணிகளுக்கான பைத்தான் நூலகமான நம்பை (NumPy) நன்றாகக் கைகொடுக்கும். ஷேப் கேட்டால் 3, 7 என்று இரண்டும் சேர்ந்தே வரும், கணக்குப் பாடத்தில் எழுதுகிற அதே ஒழுங்கில். எண் விடுபட்ட பட்டியலை அணியாக்கப் பார்த்தால், 2022 டிசம்பரில் வந்த 1.24 பதிப்பிலிருந்து வேல்யூ எரர் காட்டி நிறுத்திவிடுகிறது. தரவு தப்பு என்று அங்கேயே தெரிவது எவ்வளவு நல்லது! ஷேப்புக்குப் பின்னால் அடைப்புக்குறி போடக்கூடாது என்பதை மட்டும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சைஸ் கேட்டால் வருவது 21, அது மொத்த எண்ணிக்கை.

சி மொழியில்தான் உண்மையான சிக்கல். அங்கே சைஸ்ஆஃப் தருவது உறுப்புகளின் எண்ணிக்கை இல்லை, நினைவகத்தில் பிடிக்கும் இடத்தின் பைட் கணக்கு. ஒரு இன்ட், அதாவது முழு எண், 4 பைட் என்றால் முழு அணி 84, ஒரு நிரை 28. வகுத்தால் 3 நிரை. 28ஐ 4ஆல் வகுத்தால் 7 நிரல். அணியை உருவாக்கிய மெயின் ஃபங்ஷனுக்குள் அழகாக வேலை செய்யும். அதே அணியை வேறொரு ஃபங்ஷனுக்கு அனுப்பி, அங்கே அதே வரியைப் போட்டுப் பாருங்கள்: நிரை 0 என்று வரும். ஃபங்ஷனுக்குள் போவது அணி இல்லை, முதல் நிரையின் முகவரி. 64 பிட் கணினியில் முகவரிக்கு 8 பைட். 8ஐ 28ஆல் முழு எண்ணாக வகுத்தால் 0. நிரல் மட்டும் 7 என்றே சரியாக வரும், ஏனென்றால் ஃபங்ஷனின் தலைப்பிலேயே அந்த 7ஐ நாமே எழுதியிருப்போம். இதைப் பார்த்து ஒரு முழு மாலையும் தன் கணக்கைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்த பிள்ளை உண்டு. அவள் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. நிரை எண்ணிக்கையைத் தனியாக இன்னொரு மதிப்பாகச் சேர்த்து அனுப்பினாள், 3 வந்தது.