மை விடும் வெண்பலகை மார்க்கர்: பின்வாங்குப் பிள்ளைகள் சொல்லும் குறை நிறை

தகரக் கொட்டில் ரியூசன் வகுப்புகளில் கரும்பலகை போய் வெண்பலகை வந்து கனகாலம். தீர்ந்ததும் எறியும் மார்க்கரை விட, மை விட்டுத் திரும்பப் பாவிக்கும் வகைதான் யாழ்ப்பாணத்து ஆசிரியருக்குக் கட்டுபடியாகும். வாங்கலாம். பாவிக்கும் நுணுக்கத்தை மட்டும் பிள்ளைகளிடம்தான் கேட்க வேண்டும்.

பின்மூடி கழரும் வகையென்றால் உள்ளே இருக்கும் பஞ்சில் துளித்துளியாக மை விட்டு, நுனி கீழே இருக்கக் கால் மணித்தியாலம் வையுங்கள். போத்தலைக் கவிழ்த்து ஊற்றினால் முதல் எழுத்தே பொட்டாக ஊறும். சேலைக்கும் பங்கு கிடைக்கும். வட்ட நுனி தேய்ந்தால் சிறு குறட்டால் நேரே இழுத்து, தலைகீழாகச் செருகலாம். பல வகைகளில் மறுமுனையும் அதே வடிவம்தான். இதைக் கண்டுபிடிப்பது வகுப்பின் குழப்படிப் பொடியனாகத்தான் இருக்கும்.

பெரிய ஆபத்து, நிரந்தர மார்க்கர் மையை மாறி விடுவது. பலகையில் எழுதினது அழியாது. ஆசிரியர் தின்னர் தேடி ஓடும்போது, உயர்தர இரசாயனவியல் படிக்கும் பிள்ளை வேறொரு வெண்பலகை மார்க்கரை எடுத்து அந்த எழுத்தின் மேலேயே கீறி, காய முன் துடைத்துவிடும். புது மையின் அற்ககோல் காய்ந்த பிசினைக் கரைக்கிறது. வெண்பலகை மையில் கலந்திருக்கும் எண்ணெய்த்தன்மையான பொருள் அதை மறுபடி ஒட்ட விடாது. ஒரு சாண் ஒரு சாணாகச் செய்யுங்கள். முழுவதும் பூசிவிட்டுத் துடைக்கப் போனால் மின்விசிறிக் காற்றில் காய்ந்து இரட்டை வேலையாகும். கம்பிப் பஞ்சு வேண்டவே வேண்டாம், கீறலுக்குள் இறங்கிய மை பிறகு வராது. பிழையான மை ஏறிய மார்க்கரைப் பெட்டிகளில் பெயர் எழுத ஒதுக்குங்கள்.

நாலு நிறப் பெட்டி வீண்செலவு. சிவப்பும் பச்சையும் தெளிவாகத் தெரிவது முன்வாங்கோடு சரி. பின்வாங்குப் பிள்ளை பக்கத்துக் கொப்பியை எட்டிப் பார்ப்பது எல்லா நேரமும் கள்ளத்துக்கில்லை. கறுப்பும் நீலமும் போதும். எழுத்துயரம் 10 அடித் தூரத்துக்கு 1 அங்குலம்; 30 அடிக் கொட்டிலுக்கு 3 அங்குலம்.

மூடியை ‘டக்’ என்று சத்தம் வர மூடாவிட்டால் சித்திரை வெக்கையில் ஒரு பின்னேரத்திலேயே நுனி காயும். சட்டைப் பையில் நுனி மேலே இருக்கச் செருகினால் நிறப்பொடி கீழே இறங்கி எழுத்து வெளிறும். பலகைத் தட்டில் படுக்க வையுங்கள்.