அம்மா வீட்டுப் பட்டாசலில் 56 இஞ்ச் ஃபேன்

மெல்போர்னில் பிள்ளைகளுக்கு ஏப்ரலில் இரண்டு வாரம் லீவு. அதனால் பாளையங்கோட்டை வெயிலின் உச்சத்தில்தான் எங்களுக்கு ஊர்ப் பயணம் வாய்க்கும். இந்தத் தடவை கிடைத்தது பன்னிரண்டு நாள். அதில் ஐந்து நாளை ஒரு சீலிங் ஃபேன் தின்றுவிட்டது.

வீடு பழசு. தார்சா, பட்டாசல், இரண்டாங்கட்டு என்று நீளமாகப் போகும். பட்டாசல் என்கிற கூடம் மட்டும் 18க்கு 14 அடி. கட்டை பாவிய மச்சு, உயரம் 12 அடி. நடுவில் அப்பா 1978-ல் வாங்கி மாட்டிய 48 இஞ்ச் ஃபேன். எத்தனையோ தரம் கண்டன்சர் மாற்றி இன்னும் ஓடுகிறது. ராத்திரி எட்டு மணிக்குத் தெருவெல்லாம் ஏசி போட்டதும் வோல்டேஜ் இறங்கும், அப்போது அதன் றெக்கையை எண்ணிவிடலாம். அம்மா அதற்கு நேர் கீழே பாய் விரித்துப் படுப்பாள். இரண்டடி தள்ளிப் படுத்தால் காற்று கிடையாது. ஏசி பேச்சை எடுத்தால் “மூட்டு வலிக்கும்” என்று முடித்துவிடுவாள். சரி, பெரிய ஃபேனாக ஒன்று மாட்டிவிட்டுப் போவோம் என்று டவுனுக்குக் கிளம்பினேன்.

ரத வீதிப் பக்கம் ஒரு எலக்ட்ரிக்கல் கடை. “56 இஞ்சா? அது மண்டபத்துக்குல்லா கேப்பாங்க” என்றார் கடை அண்ணாச்சி. பட்டாசல் அளவைச் சொன்னதும் பையனைக் கிடங்குக்கு விரட்டினார். இரண்டு பெட்டி வந்தது. ஒன்று சாதாரண மோட்டார், 75 வாட். இன்னொன்று பிஎல்டிசி, அதாவது கரண்டைக் குறைவாக இழுக்கும் பிரஷ் இல்லாத டிசி மோட்டார், 35 வாட். பெரிய றெக்கை மெதுவாகச் சுற்றினாலே போதும், அதனால் சத்தம் குறைவு. பிஎல்டிசி என்றால் வோல்டேஜ் இறங்கினாலும் வேகம் இறங்காது. எட்டு மணிப் பிரச்சினை அதோடு தீர்ந்தது.

2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கும் ஸ்டார் முத்திரை கட்டாயம். ஒரு வாட்டுக்கு எவ்வளவு காற்றுத் தள்ளுகிறது என்பதுதான் அதில் கணக்கு. அம்மாவுக்கு ஸ்டார் எல்லாம் வேண்டாம், யூனிட்டில் சொல்ல வேண்டும். போனில் சொன்னேன்: 40 வாட் மிச்சம், ஒரு நாளைக்குப் பதினைந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 36 யூனிட் குறையும். முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் அந்தக் கோட்டைத் தாண்டாமல் இருப்பது அவளுக்கு ஒரு விரதம் மாதிரி. “அதையே வாங்கு” என்றாள்.

பெட்டியில் போட்டிருந்த விலை 5,200. நான் வாயைத் திறக்கும் முன்பே 3,700 என்று எழுதினார் அண்ணாச்சி. பெட்டி மேல் தேதி எழுதி, கடை சீல் குத்தி, “வாரண்டி கார்டு தொலைஞ்சாலும் இந்த அட்டையைத் தொலைச்சிராதீங்க” என்றார். எல்லாம் இருபது நிமிடம், நடுவில் ஒரு காபி. இந்த வேகத்துக்கு மெல்போர்ன் கடை எதுவும் உறை போடக் காணாது.

அப்புறம்தான் சிக்கல். கம்பெனியே இலவசமாக வந்து மாட்டித் தரும் என்று பெட்டியில் அச்சடித்திருந்தது. இலவச எண்ணில் பதிவு செய்தேன். 24 மணி நேரத்தில் ஆள் வரும் என்று குறுஞ்செய்தி வந்தது. ஆள் வந்தது மூன்றாம் நாள் சாயங்காலம். பட்டாசலில் நின்று மேலே பார்த்தார். “ஏணி இருக்கா சார்?” இல்லை. “பெட்டியில ராடு ஒரு அடிதான் இருக்கும். இந்த உயரத்துக்கு நாங்க ஏறக் கூடாது சார்.” சரி, போய்ட்டு வாங்க என்றேன். “வந்துட்டுப் போனதுக்கு அந்த ஓடிபியை மட்டும் சொல்லுங்க.” வெயிலில் வந்த மனுஷனாயிற்றே என்று சொன்னேன். அவர் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் செய்தி வந்தது: உங்கள் ஃபேன் வெற்றிகரமாக மாட்டப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை ஸ்டார்? ஃபேன் பெட்டிக்குள் இருந்தது. வேலை முடியாமல் ஓடிபி சொல்லாதீர்கள்.

“நான் மொதல்லயே சொன்னேன்ல” என்று அம்மா அவளுடைய எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டாள். மறுநாள் காலை ஆறரைக்கே வந்தார், முப்பது வயதிருக்கும். அம்மாவுக்கு அவர் பேரன் முறை, “ஆச்சி” என்றுதான் கூப்பிடுகிறார். முதலில் ஃபேனைப் பார்க்கவில்லை, கொக்கியைப் பார்த்தார். உத்தரத்தைச் சுற்றிப் பிடித்த இரும்புப் பட்டை, நாற்பது வருஷத் துரு. மேஜை மேல் ஸ்டூல் போட்டு ஏறி, பழைய ஃபேனை இறக்கினார். பிறகு கொக்கியில் கயிற்றைப் போட்டு, காலைத் தூக்கிக்கொண்டு தொங்கினார். எனக்கு அடிவயிறு கலங்கியது. “அறுபது கிலோ நானே தொங்குதேன், இது அஞ்சு கிலோ தாங்காதாண்ணே?” பட்டையின் போல்ட் நட்டை மட்டும் புதுசாக மாற்றினார்.

மெல்போர்னில் லைசென்ஸ் இல்லாதவன் வீட்டு வயரிங்கில் கை வைத்தால் குற்றம். அந்தப் பழக்கத்தில் மெயினை அணைக்க ஓடினேன். “எதுக்குண்ணே, ஆச்சி மாவு ஆட்டுதாங்க” என்று சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். பட்டாசல் லைனின் பீஸ் கட்டை அங்கே இருந்தது. பலகையில் பிடுங்கி வைத்தால் யாராவது தெரியாமல் செருகிவிடுவார்களாம். பையில் இருந்தால் அவர் கொடுத்தால்தான் கரண்ட்.

இரண்டடி ராடுக்கு மட்டும் அரை நாள் அலைந்தோம். கம்பெனிக்குக் கம்பெனி ராடில் ஓட்டை இடம் மாறுகிறது. கடைசியில் வண்ணார்பேட்டையில் ஒரு கடையில் கிடைத்தது. ஃபேன் வாங்கும் அன்றே மச்சு உயரத்தைச் சொல்லி ராடையும் கேட்டிருக்க வேண்டும், என் தப்பு.

கொக்கிக்கும் ராடுக்கும் நடுவே ரப்பர் புஷ், போல்ட், அதன் முனையில் பின். பின்னின் இரண்டு காலையும் நன்றாக விரித்துவிட்டு, என்னை மேலே ஏறச் சொல்லி விரலால் தொட்டுப் பார்க்க வைத்தார். “இது விரியலேன்னா போல்டு ஆடி ஆடி ஒரு நா கழண்டுரும்.” பழைய ரெகுலேட்டரைக் கழற்றி நேர் லைன் கொடுத்தார், பிஎல்டிசிக்கு அது ஆகாது. ஓட விட்டதும் லேசாக ஆடியது. தென்னை ஈர்க்கால் றெக்கை நுனிக்கும் மச்சுக்கும் உள்ள தூரத்தை மூன்று பக்கமும் அளந்தார். தாழ்ந்திருந்ததை நிமிர்த்தி, இன்னொரு றெக்கையின் முதுகில் ஒரு ரூபாய்க் காசை டேப் போட்டு ஒட்டினார். ஆட்டம் நின்றது.

எவ்வளவு என்று கேட்டேன். “பாத்துக் குடுங்கண்ணே.” வெளிநாட்டிலிருந்து வருகிறவனுக்கு இதைவிடக் கஷ்டமான ரேட் கிடையாது. எண்ணூறு கொடுத்தேன். அவர் தெருவில் இறங்கியதும் அம்மா சொன்னாள்: “ஐநூறு போதும். இனி நான் கூப்பிட்டா எண்ணூறுக்குல்லா நிப்பான்.”

பழைய ஃபேனைப் பழைய இரும்புக்காரருக்குப் போட அவள் சம்மதிக்கவில்லை, உள்ளே செம்பு இருக்கிறதாம். அரங்கு வீட்டில் சாக்குச் சுற்றி வைத்திருக்கிறது. புது ஃபேனின் ரிமோட்டை டிவி ரிமோட் என்று நினைத்து இரண்டு தரம் அமுக்கிவிட்டு, அதைப் பூஜை அலமாரியில் விபூதிக் கொப்பரைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். ராத்திரி காற்றைக் கூட்ட யாராவது குளித்திருக்க வேண்டும் போலிருக்கிறது. பாயை மட்டும் இப்போது சுவரோரம் விரிக்கிறாள்.